நெட் இல்லாத வைஃபை: வீட்டு ரூட்டரை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் திரும்பிப் போய்விட்டார். 2021 நவம்பரில் பாலாறும் கரை புரள ஓடி அதன் பங்குக்குக் கேலியைப் பொய்யாக்கியது. காலியான இடத்தில் நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: நெட் இல்லாத வைஃபை.

சொந்தக்காரர்கள் வீட்டில் இது நின்றால் எனக்குத்தான் போன் வரும். "இன்னாப்பா, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒண்ணும் ஓடல" என்பார் குடியாத்தம் பெரியப்பா. நான் முதலில் கேட்பது, "பின்னாடி ஓட்டையில குத்திட்டீங்களா?" என்பதுதான். பாதி நேரம் குத்தியிருப்பார். அந்த ஓட்டை ரீசெட். அதைக் குத்தினால் ரூட்டரில் இருந்த எல்லாமே அழியும். நெட் நிறுவனத்துக்காரர் வந்து போட்ட யூசர் பெயர், பாஸ்வேர்ட், ஃபைபருக்கான எண்கள் எல்லாம் போய்விடும். சின்னக் கோளாறு இரண்டு நாள் கோளாறாகும். ஆகவே குண்டூசியை முதலில் கீழே வையுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, வழி எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்பது. போனில் இருந்து ரூட்டர் வரை காற்றில் போவது ஒரு பக்கம். ரூட்டரில் இருந்து ஃபைபர் வழியாக வெளியே போவது இன்னொரு பக்கம். வைஃபை செட்டிங்கில் நீங்கள் எதை மாற்றினாலும் முதல் பக்கம்தான் சரியாகும். ரூட்டருக்கு இரண்டடி தூரத்தில் நின்று, அதன் செட்டிங் பக்கம் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் காற்றுப் பக்கம் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. திறக்காவிட்டால் உள்ளே தேட வேண்டும்.

செட்டிங் பக்கமே திறக்கவில்லை

போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இது முக்கியம். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக சிம் பக்கம் ஓடிவிடும். உங்கள் வீட்டுப் பெட்டியை அது வெளியுலகத்தில் தேடிக்கொண்டிருக்கும். விபிஎன் ஏதாவது போட்டிருந்தால் அதையும் அணையுங்கள்.

அப்புறம் பிரவுசரின் மேலே முகவரி போடும் இடத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டுங்கள். தேடல் பெட்டியில் அல்ல. இரண்டும் வரவில்லை என்றால் ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள், அல்லது போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களுக்குள் போய் 'கேட்வே' என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி.

பக்கம் பாஸ்வேர்ட் கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, உள்ளே நுழைவதற்கான தனிப் பாஸ்வேர்ட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டிக்கரில் அதுவும் இருக்கும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் 'அட்மின்' என்பதுதான். உள்ளே போனதும் அதை மாற்றிவிடுங்கள்.

கனெக்ட் ஆகிறது, நெட் இல்லை

பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு மினுக்கினால் ஒளி உள்ளே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியே மரம் விழுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், பீரோவை நகர்த்தியபோது ஃபைபர் மடங்கியிருக்கலாம். அது கண்ணாடி இழை. கரண்ட் வயர் மாதிரி மடக்கிக் கட்டினால் உடைந்துபோகும். உடைந்தால் நீங்கள் செட்டிங்கில் செய்ய ஒன்றுமே இல்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டுவிட்டுக் காபி குடியுங்கள்.

சிவப்பு இல்லை, பச்சை நிலையாக எரிகிறது, அப்படியும் நெட் இல்லை என்றால் செட்டிங் பக்கத்தில் வெளி இணைப்பைக் காட்டும் 'வேன்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஐபி முகவரி 0.0.0.0 என்று இருந்தால் ரூட்டருக்கு வெளியில் இருந்து முகவரி கிடைக்கவில்லை. பில் கட்டினீர்களா என்று முதலில் பார்ப்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கட்டியிருந்தால், பிபிபிஓஇ (நிறுவனத்தின் கணக்குக்குள் ரூட்டர் நுழையும் முறை) என்று இருக்கும் இடத்தில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருக்கிறதா பாருங்கள். புது ரூட்டர் வாங்கி மாட்டிய அன்று இப்படி ஆனால் வேறொரு காரணமும் உண்டு. சில கேபிள்காரர்கள் பழைய ரூட்டரின் மேக் எண்ணோடு (பெட்டிக்குப் பெட்டி மாறும் அடையாள எண்) கணக்கைக் கட்டி வைத்திருப்பார்கள். "பெட்டி மாத்திட்டேங்க, மேக் எடுத்து விடுங்க" என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும்.

வெளி முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பிரவுசரில் 1.1.1.1 என்று தட்டிப் பாருங்கள். அது திறந்து, பெயர் போட்டுத் தேடும் தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் வேலை அதற்கு. ரூட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதிச் சேமியுங்கள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் நெட் வரவில்லை என்றால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். அந்தக் கருவியில் வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்து மறுபடி சேருங்கள். லேப்டாப்பில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரூட்டரிடம் இருந்து முகவரி கிடைக்கவில்லை. இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் தேதி பின்னால் போயிருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று சொல்லி எந்தத் தளமும் திறக்காது. என் அத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டு வாரம் நெட் இல்லாமல் கிடந்தது. உள்ளே இருந்த காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பாஸ்வேர்ட் சரி, ஆனால் சேர மாட்டேன் என்கிறது

டிவி ரிமோட்டில் தட்டினால் பூஜ்யமும் ஆங்கில ஓவும் மாறிப்போகும், அதை முதலில் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63.

அடுத்தது பாதுகாப்பு முறை, அதாவது வைஃபையைப் பூட்டும் விதம். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய போன், பழைய பிரின்டர் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2-ஐ ஏஇஎஸ் உடன் வையுங்கள். டிகேஐபி, டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு முறைகள் இரண்டையும் தொடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை என்பது ஒரு பக்கம். அவற்றை வைத்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பேசவே பேசாது. புது ரூட்டர் வாங்கியும் வேகம் வரவில்லை என்று சொன்ன இரண்டு வீடுகளில் இதுதான் காரணம்.

சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பிளக், சில பிரின்டர்கள் எல்லாம், வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 மட்டும் பேசும். ரூட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், முதல்முறை சேர்க்கும்போது இவை குழம்பும். 'ஸ்மார்ட் கனெக்ட்' என்பதை அணைத்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். கேமராவைச் சேர்க்கும்போது போனும் 2.4-ல் இருக்கட்டும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டேன். பெயருக்கு 32 பைட் இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'வேலூர்' 18 பைட், உட்கார்ந்துவிட்டது. 'வேலூர் கோட்டை' 37 பைட், நுழையவில்லை. நுழைந்த பெயரையும் எங்கள் கேமரா கட்டங்கட்டமாகக் காட்டிவிட்டுச் சேர மறுத்தது. கடைசியில் ஆங்கில எழுத்துக்கே போனேன்.

முன் அறையில் முழுசு, அடுப்படியில் ஒன்றுமில்லை

வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி. தெருவில் குறுக்கே ஏழெட்டு அடி, உள்ளே ரயில்பெட்டி மாதிரி ஐந்து அறை. கேபிள்காரர் வாசல் ஜன்னல் வழியே ஒயரை இழுத்து, அதே ஜன்னல் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். வைஃபையில் பாதி தெருவுக்குப் போகிறது. சுவரைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் அது சோர்ந்துவிடும். இதற்குச் செட்டிங்கில் மருந்து தேடுவதை விட இடத்தை மாற்றுவதே மேல்.

வீட்டின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஃபைபர் நீளம் போதாவிட்டால் ஃபைபர் பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். அதில் இருந்து லேன் கேபிள் இழுத்து நடுவில் வேறு ரூட்டர் வைக்கலாம். ஐந்தாறு அடி உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவின் மேலும் பின்னும் வேண்டாம், இரும்பு அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் விழுங்கிவிடும், அதனால் மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். பெரிய கண்ணாடியின் பின்னால் உள்ள பூச்சும் இரும்பு மாதிரிதான்.

ஆண்டெனாவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதன் நுனியை அறைப் பக்கம் காட்டினால் சிக்னல் அங்கே போகும் என்று பலர் துப்பாக்கி மாதிரி நீட்டி வைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். அலை குச்சியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனியில் மிகக் குறைவு. ஒரே தளத்து வீடு என்றால் எல்லாக் குச்சியும் நிமிர்ந்து நிற்கட்டும். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்கப் போடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 மெதுவாகப் போனாலும் தூரம் போகும். பின்அறை போனை 2.4-லேயே விடுங்கள். வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள். கழித்தல் குறியோடு எண் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 அருமை, -67 வரை வீடியோ ஓடும், -80 என்றால் வாட்ஸப் குறுஞ்செய்தியே திணறும்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஊர்கிறது

முதலில் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு வேகம் அளந்து, அப்புறம் வைஃபையில் அளங்கள். கேபிளிலும் ஊர்ந்தால் பிரச்சினை வெளியே. கேபிளில் ஓடி வைஃபையில் ஊர்ந்தால் அக்கம்பக்கத்து நெரிசல்.

சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். வடக்கே கல்கத்தாவில் இருந்தும் வங்கதேசத்தில் இருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ராத்திரி ஊருக்கு வீடியோ கால் போடும் நேரம் அது. அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடியில் நின்று ஆப்பைத் திறந்தேன். நாற்பது பெயர்கள், பாதி ஒரே சானலில், அதாவது அலைவரிசையின் ஒரே பிரிவில்.

2.4-ல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சானல் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒன்றோடொன்று மோதாதவை என்று எடுத்தால் 1, 6, 11 மூன்றுதான். இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 'எல்லாரும் 1-லும் 6-லும் இருக்காங்க, நான் நடுவுல 3-ல இருக்கேன்' என்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஒரே சானலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டு முறை வைத்துப் பேசும். 3-ல் உட்கார்ந்தவர் இரண்டு பக்கத்துக்கும் வெறும் இரைச்சல். சானல் அகலத்தை 2.4-ல் 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று பெட்டியில் போட்டிருப்பது பக்கத்து வீடு இல்லாத காட்டில்தான்.

12, 13 வேண்டாம். அமெரிக்காவில் வாங்கிய போன்கள் சிலவற்றுக்கு அந்தச் சானல்கள் கண்ணுக்கே தெரியாது. பொங்கலுக்கு வந்த தம்பி, "அண்ணா, எல்லாருக்கும் வைஃபை வருது, எனக்கு மட்டும் பேரே வரல" என்று புலம்பினான். 13-ல் இருந்து 11-க்கு மாற்றினேன், வந்துவிட்டது.

ரூட்டருக்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் 2.4 தடுமாறும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை.

நெரிசலுக்கு உண்மையான தீர்வு 5 கிகாஹெர்ட்ஸ். இங்கே சுவரைத் தாண்டாத சோம்பேறித்தனமே வரம், பக்கத்து வீட்டு அலை உங்கள் வீட்டுக்குள் வராது. 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் வையுங்கள். இடையில் 52 முதல் 144 வரை உள்ள சானல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. அவற்றில் வைத்தால் ரூட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டபிறகே பெயரைக் காட்டும். ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் நடுவில் சானலை விட்டு ஓடிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அடிக்கடி மாயமாகி மறுபடி வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதுவே.

வேகத்தைப் படிக்கும்போதும் கவனம். 100 எம்பிபிஎஸ் பிளானில் ஃபைல் இறங்குவது வினாடிக்கு 12.5 மெகாபைட்தான், எட்டு பிட் ஒரு பைட். 200 பிளான் வாங்கியும் கேபிளில் 94-ஐத் தாண்டவில்லை என்றால், ரூட்டரின் போர்ட் 100-க்கானதாக இருக்கும், அல்லது லேன் கேபிளில் நான்கு ஜோடி கம்பியில் ஒன்று அறுந்திருக்கும்.

சித்திரை வெயிலில் மதியம் மட்டும் நிற்கிறது

இதை எங்கள் ஊர் வியாதி என்றே சொல்லலாம். பல வீட்டு ரூட்டர்கள் 0 முதல் 40 டிகிரி வரைக்கும் செய்யப்பட்டவை. கத்திரி வெயிலில் வேலூர் வெளியிலேயே 40-ஐத் தாண்டும். சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில், டிவி அலமாரிக்குள், மேலே கைவேலைத் துணி போர்த்தி வைத்தால் உள்ளே என்ன ஆகும்! துணியை எடுங்கள். காற்றுப் படும் இடத்தில், நாலு பக்கமும் இடைவெளி விட்டு வையுங்கள். செட்-டாப் பாக்ஸ் மேல் ரூட்டரை உட்கார வைக்காதீர்கள். சூடு குறைந்தும் நின்று நின்று வந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு, அல்லது அதற்கு மேல். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் செருகிப் புகை பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு வரவில்லை

ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் வரிசை முக்கியம். இரண்டையும் அணையுங்கள். ஃபைபர் பெட்டியை மட்டும் போட்டு, பச்சை நிலையானதும் ரூட்டரைப் போடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் ரூட்டர் மட்டும் அதில் மாட்டி, ஃபைபர் பெட்டியைச் சாதாரணப் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போனால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது.

யாரோ நம் வைஃபையில் இருக்கிறார்கள்

செட்டிங்கில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் என்றதும் பதறாதீர்கள். உங்கள் டிவியே விசித்திரமான பெயரில் நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்ட் தட்டாமல் கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின்னை உடைக்க முடியும் என்பது 2011-லேயே வெளியாகிவிட்டது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பயன் இல்லை, தேடத் தெரிந்தவனுக்குத் தெரியும். மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது ரூட்டர் வைத்ததும் எல்லாம் குழம்பிவிட்டது

இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கப் போட்டி போடுகின்றன. இரண்டாவதில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. இல்லாவிட்டால் அதன் முகவரியை, முதல் பெட்டி 192.168.1.1 என்றால், 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள்.

ரீசெட்தான் வழி என்றால்

செட்டிங் பாஸ்வேர்ட் யாருக்குமே நினைவில்லை என்றால் வேறு வழியில்லை. அதற்கு முன் கேபிள்காரரிடம் பிபிபிஓஇ யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியே ரூட்டராகவும் இருந்தால் அவர் வராமல் குத்தவே வேண்டாம். தனி ரூட்டர் என்றால் மின்சாரம் இருக்கும்போதே ஓட்டையில் பத்து வினாடி அழுத்துங்கள், எல்லா விளக்கும் அணைந்து எரியும். ஸ்டிக்கரில் உள்ள பெயரில் சேர்ந்து, வெளி இணைப்பை எழுதி, அப்புறம் வைஃபைக்கு வாருங்கள். அங்கே புதுப் பெயர் யோசிக்காதீர்கள். பழைய பெயர், பழைய பாஸ்வேர்ட், பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் எழுத்து மாறாமல் போட்டால் வீட்டில் உள்ள டிவியும் கேமராவும் பெரியம்மாவின் போனும் தானாகச் சேர்ந்துகொள்ளும், ஒன்றையும் தொட வேண்டியதில்லை.